எலுமிச்சம் பழமும் எண்ணெய்த் திருகாணியும்

தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் இளைஞர், சக்கரத்தில் எலுமிச்சம் பழம் நசுக்கிப் புறப்படுவதை யாம் காண்கிறோம். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் திருகாணியைக் குனிந்து பார்ப்போர் எத்தனை பேர்? ஓயாத அதிர்ச்சியால் அது தளர்வதுண்டு. கழன்று விழுந்தால், ஒழுகும் எண்ணெய் பின் சக்கரத்திற் பட்டு ஆளை வீழ்த்தும்; எண்ணெய் வற்றிய எஞ்சினும் இறுகிப் போகும்.

பரிகாரம் எளிது. எண்ணெய் மாற்றுந்தோறும் மரையைத் துடைத்துப் புதிய வாசர் இடுக. கைப்புத்தகம் கூறும் அளவே முடுக்குக. மிஞ்சினால் அலுமினியக் கூட்டின் மரை அழியும். பந்தயக்காரரைப் போல் ஆணித்தலையில் துளையிட்டு, முடுக்கும் திசையில் இழுக்குமாறு கம்பி கட்டுதல் இன்னும் நன்று. ஆணியின்மீதும் கூட்டின்மீதும் தொடர்ந்து ஒரு வண்ணக்கோடு இட்டால், தளர்ச்சியைக் கண்ணே காட்டும்.

தோழர்களே! வண்டி போனாலும் மறுபடி வாங்கலாம். மகன் வரவை நோக்கி நிற்கும் தாய்க்கு யாம் என்ன சொல்வோம்? பழம் ஊறுகாய்க்கு ஆகட்டும். திருகாணியைக் காப்பது நம் கையே.