25-இல் நின்ற முள்

சேலத்தில் மார்ச் கடைசி வாரத்தில் என் போன் அடிக்கத் தொடங்கும். ஜூனில் முதல் மழை விழும்வரை ஓயாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்: "அண்ணா, ஏசி ஓடுது, கூலிங் இல்ல, கேஸ் போயிடுச்சு போல."

கேஸ் என்பது ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற சரக்கில்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கைத் தேடாமல் கேஸ் ஏற்றுகிறவன் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறான். நானும் ஆரம்பத்தில் அப்படி வாங்கியிருக்கிறேன். வாடிக்கையாளரே வியாதியையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லும்போது, இருபத்திரண்டு வயதில் மறுத்துப் பேச வாய் வராது.

தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அதற்குத் தெரிந்த வேலை சுமைக்கூலி வேலை. எத்தனை டன் என்று கேட்கிறோமே, அது எடை இல்லை. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் சூட்டை அப்புறப்படுத்துவது ஒரு டன். மெஷின் வருவதற்கு முன்பு குளிர்ச்சியைப் பனிக்கட்டியாகத்தான் விற்றார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கட்டிகளை இறக்கி வைக்க 1842-இல் மெரினாவில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் கணக்கு இன்னும் என் விசிட்டிங் கார்டு வரை ஒட்டிக்கொண்டு வருகிறது.

சுமைக்கூலிக்காரன் சரியாக உழைத்தும் மூட்டை குறையவில்லை என்றால் அவனையே அடித்துப் பயனில்லை. மூட்டை எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அழகாபுரத்தில் ஒரு வீடு. மேல் மாடி, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, ஒன்றரை டன் ஸ்பிளிட். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்மா கதவைத் திறந்ததும் சொன்னது, "தம்பி, நீயும் கேஸ்னு சொல்றதா இருந்தா இப்பவே கிளம்பிடு." இரவு ஒன்பது மணி. இன்டோர் யூனிட் வாயில் தெர்மாமீட்டர் வைத்தேன். 14 டிகிரி காற்று வந்தது. அறை 29-இல் நின்றது. மெஷின் மேல் குற்றமில்லை. நாற்காலி போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கால்மணி ஆனால் எப்படி இருக்கும், அந்தச் சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், சூரியன் போன பிறகுதான் நிதானமாகக் கீழே கக்க ஆரம்பிக்கிறது. அந்த அறையின் அளவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்துத் தலைக்கு மேல் தொங்கவிட்டுத் தூங்குவது மாதிரி.

"மாடிக்கு வெள்ளை அடிங்கம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏசிக்காரனைக் கூப்பிட்டால் பெயின்டர் வேலை சொல்கிறானே என்ற பார்வை. ஒரு வாரம் கழித்து அவரே சுண்ணாம்பு வாங்கி இரண்டு கோட் அடித்துவிட்டுக் கூப்பிட்டார். அதே மெஷின், அதே கேஸ், அறை 26-க்கு இறங்கியிருந்தது. அன்று எனக்கு வருமானம் ஒரு டம்ளர் மோர்.

வெயில் குடிக்கிற மேற்குச் சுவர், திரையில்லாத கண்ணாடி ஜன்னல், கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி, ஃபில்டரில் கம்பளி மாதிரித் தூசு. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். சொல்லாத ஒன்று அவுட்டோர் யூனிட்டின் மூச்சு. அள்ளிய சூட்டைக் கொட்ட அதற்குத் திறந்த இடம் வேண்டும். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று நாலு பக்கமும் அடைத்த பால்கனிக்குள் வைத்து, போதாததற்கு முன்னால் தகரத்தில் பூவேலையும் செய்து விடுகிறார்கள். தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது பாவம். வெளிக்காற்று 35 டிகிரி என்று வைத்துத்தான் ஒன்றரை டன் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அடைத்த பால்கனிக்குள் 50 தாண்டும். அப்புறம் டன் கணக்கு பேசி என்ன?

இவ்வளவையும் கீழே கற்றுக்கொண்டேன் என்றாலும், என் கர்வத்தை இறக்கியது மேலே உள்ள ஊர்தான்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மே மாதத்தில் வேனில் ஏறினால் அந்தக் கணக்கைத் தோலிலேயே போட்டுக்கொள்ளலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பி வைத்தார். வெயிலுக்குத் தப்பி வந்து வீடு கட்டியவர்கள் அதன்பின் வந்தார்கள். வெயிலுக்குத் தப்ப வந்த ஊருக்கு ஏசி மாட்ட நான் போகிறேன்.

முதல் தடவை போனது ஒரு தங்கும் விடுதிக்கு. ஏற்காட்டின் ஒண்டிக்கடை பகுதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே. குழாய் போட்டு, ஃப்ளேர் நட் முறுக்கி, வேக்யூம் பம்ப்பை ஓட விட்டேன். குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். சேலத்தில் அழுத்தம் காட்டும் கேஜின் முள், பாதரச அளவில், 29 அங்குலத்தை ஒட்டி வந்து நிற்கும். அங்கே 25-க்கு வந்து நின்றுவிட்டது. அரை மணி ஓட்டினேன். ஒரு மணி ஓட்டினேன். நகரவில்லை. நட்டை எல்லாம் திரும்ப முறுக்கி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, கடைசியில் பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, இருபது வளைவும் இறங்கி வேறு பம்ப் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினேன். புது பம்ப்பும் 25-இல் நின்றது.

சமையல்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சமையல்காரப் பெரியவர் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார். "கீழ சாதாரண சட்டியிலயே பருப்பு மசிஞ்சிடும் தம்பி. இங்க குக்கர் இல்லாம வேகாது. தண்ணி கொதிக்கும், ஆனா கொதியில சூடு பத்தாது" என்றார். அவர் வேறு எதற்கோ சொன்னார்; எனக்குப் பொறி தட்டியது. இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஏனென்றால் மேலே அமுக்குகிற காற்றின் பாரம் குறைவு. என் கேஜ் அளப்பதோ வெளிக்காற்றுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தை. வெளியே இருப்பதே 25 அங்குலப் பாரம்தான் என்றால் முள் அதற்கு மேல் எங்கே போகும்? பம்ப் முதல் அரைமணியிலேயே வேலையை முடித்திருக்கிறது. இல்லாத காற்றை உறிஞ்சவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

பிற்பாடு மைக்ரான் கேஜ் வாங்கினேன். அது வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் குழாய்க்குள் மிச்சம் இருப்பதை மட்டும் சொல்லும். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே பாஷை. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. வேக்யூமில் ஈரம் போவது குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகித்தான். சேலத்தின் 35 டிகிரியில் சீக்கிரம் கொதிக்கிற துளி, ஏற்காட்டின் 18 டிகிரியில் அடம் பிடிக்கும். பாதிக்கும் கீழே அழுத்தத்தை இறக்கினால்தான் அசையும். புது ரகக் கேஸ்களோடு வருகிற கம்ப்ரசர் ஆயிலோ உப்பு மாதிரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடுபனிக்குள் குழாய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனால் ஆறு மாதத்தில் கம்ப்ரசர் பதில் சொல்லும். ஆகையால் பனி இறங்கும் நேரத்தில் நான் ஃப்ளேர் அடிப்பதில்லை. விடுதிக்காரர்கள் சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

ஆனால் ஏற்காட்டில் ஏசிக்கு உண்மையில் என்ன வேலை? "ஏசி ரூம் இருக்கா" என்று போனில் கேட்கிற சுற்றுலாப் பயணிக்காகத்தான் பலர் மாட்டுகிறார்கள். மே மாதப் பகலில் கொஞ்சம் உதவும். மற்ற மாதங்களில் அங்கே எதிரி சூடு இல்லை, ஈரம். பெல்ட்டில் பூஞ்சை, புத்தகத்தில் பூஞ்சை, காலையில் படுக்கை விரிப்பைத் தொட்டால் சில்லென்று ஒட்டும். அலமாரிக்குள் குண்டு பல்ப் எரிய விட்டுத் துணிகளைக் காப்பாற்றுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு காட்டேஜ்காரர் கூப்பிட்டார். சின்ன அறைக்கு இரண்டு டன் மாட்டியிருந்தார், "பெருசா இருந்தா நல்லதுதானே" என்று. கூலிங் பிரமாதம், ஆனால் அறை குகை மாதிரி நாறுகிறது என்பது புகார். டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மெஷின் ஐந்து நிமிடம் முழங்கியது, அறை குளிர்ந்தது, கம்ப்ரசர் நின்றது. பக்கெட்டில் இரண்டு சொட்டு. உள்ளே குளிர்கிற காயில் நனைந்து, தண்ணீர் திரண்டு வழிவதற்குள் கம்ப்ரசருக்கு ஓய்வு வந்துவிடுகிறது. ஃபேன் மட்டும் ஓடி, காயிலில் ஒட்டிய ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது. அவருக்கு வேண்டியது சின்ன மெஷின், நீண்ட ஓட்டம். அந்த இரண்டு டன்னைக் கழற்றி அவருடைய சாப்பாட்டு ஹாலில் மாட்டிவிட்டு, அறைக்கு முக்கால் டன் இன்வெர்ட்டர் வைத்து, ரிமோட்டில் யாரும் தொடாத அந்த 'டிரை' பட்டனை அழுத்திக் கொடுத்தேன். மறுநாள் காலை பக்கெட் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நாற்றத்தை அளக்க என்னிடம் மீட்டர் இல்லை. அவர் மனைவி உள்ளே போய் மூச்சிழுத்துவிட்டு வந்து தலையாட்டினார்.

அந்தப் பக்கெட் இப்போது எப்போதும் என் வேனில் இருக்கிறது. சேலத்து ஏப்ரல் மதியத்தில் அதில் சொட்டுவது சொற்பம், ஏனென்றால் எங்கள் வெயில் காய்ந்த வெயில். சென்னையில் மச்சான் வீட்டில் அதே ஒன்றரை டன் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கக் கிட்டத்தட்ட 680 வாட் சூட்டை ஒரு மணி நேரம் சுமக்க வேண்டும். மச்சான் "உங்க ஊரு ஏசி மட்டும் எப்படி நல்லா இருக்கு" என்று கேட்கும்போதெல்லாம் நான் பக்கெட்டைத்தான் காட்டுகிறேன்.

ரிமோட் பற்றியும் ஒரு வார்த்தை. 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறவர்களிடம் வாதாடி அலுத்துவிட்டேன். கொதிக்கிற அறையில் 16 என்றாலும் 24 என்றாலும் மெஷின் தன்னால் முடிந்த முழுப் பலத்தில்தான் ஓடும். எங்கே நிற்பது என்பதில்தான் வித்தியாசம். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் போட்டதும் 24-இல் எழுந்துகொள்ள வேண்டும் என்று அரசு விதி வைத்தது. ஏற்காட்டில் அதை 16-க்கு இறக்கிவிட்டு இரண்டு கம்பளி கேட்ட விருந்தாளியை நானே பார்த்தேன். ரூம் பாய் மூன்றாவதையும் கொண்டுபோய்க் கொடுத்தான்.

போன மே மாதம் ஒரு வேலை முடித்து மாலையில் இறங்கினேன். என் வேனில் ஏசி கிடையாது. பாதி மலை வரை ஜன்னல் காற்று ஈரத் துணி மாதிரி இருந்தது. அடிவாரத்தை நெருங்கியபோது யாரோ அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. மணி ஏழு தாண்டியிருந்தது. வண்டியை ஓரங்கட்டினேன், போன் வந்தது.

"அண்ணா, ஏசி ஓடுது, கூலிங்கே இல்ல. கேஸ் போயிடுச்சு போல."

"மேல் மாடிங்களா?"

"ஆமாங்கண்ணா."

"செருப்பக் கழட்டிட்டு மொட்டை மாடில போயி ஒரு நிமிஷம் நில்லுங்க. நின்னுட்டுக் கூப்பிடுங்க."

டீ ஒன்று சொன்னேன். டம்ளர் கைக்கு வருவதற்குள் திரும்ப அடித்தது.

"அண்ணா, சுடுதுங்க."