அவளே சொல்லட்டும்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தங்கச்சிமடத்தில் இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஒன்று, மல்லிகைத் தோட்டத்து வேலை. மற்றது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் அட்டையும் பசையும் கலர் பேப்பரும் திண்ணை முழுக்கப் பரப்பிக் கிடக்கிற வேலை. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா என்று எல்லாவற்றையும் முழுப்பரீட்சைக்கு முன்னால் முடித்தாக வேண்டுமே! பிள்ளைகளைவிடத் தாய்மார்களாகிய நமக்குத்தான் அந்த நாட்களில் தூக்கம் கெடும்.

என் சின்ன மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பெரிய பெயர் எடுத்த பள்ளி அல்ல. மொத்தம் இருநூறு பிள்ளைகள் இருந்தால் அதிகம். இரண்டு ஓட்டுக் கட்டிடம், ஒரு வேப்பமரம், கால் புதைகிற மணலே மைதானம். பள்ளிக்கென்று பஸ்கூடக் கிடையாது. அந்தப் பள்ளியில் சென்ற மாசியில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஆமாம், மகள் அல்ல, நான் கற்றுக்கொண்டது.

என் மகளுக்குத் திக்குவாய். நான்கு வயதில் ஆரம்பித்தது. "அம்மா" என்று கூப்பிட வந்தால் "அ... அ... அ..." என்று நிற்கும். குழந்தைதானே, சரியாகிவிடும் என்றார்கள். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினேன். வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொன்னார் ஒருவர், அதையும் செய்தேன். (தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கல் தொண்டையில் சிக்கினால் என்ன ஆவது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.) கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டேன். திக்கு மட்டும் போகவில்லை.

முன்பு படித்த பள்ளியில் அவளுக்குப் பெரிய எதிரி பாடம் அல்ல, வருகைப் பதிவுதான். பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். அந்த 'உ' வெளியே வருவதற்குள் அடுத்த பெயர் போய்விடும். பின்னால் சிரிப்பு. ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஆப்சென்ட் போட்டு வீட்டுக்குச் சீட்டு வந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. நானும்தான். அந்த வருஷத்தோடு டி.சி. வாங்கி இந்தச் சின்னப் பள்ளியில் சேர்த்தோம்.

இங்கே வகுப்பு டீச்சர் ஒரு காரியம் செய்தார். பெயர் கூப்பிட்டால் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கினால் போதும் என்று மாற்றிவிட்டார். இவளுக்காகத்தான் மாற்றினார் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. செலவில்லாத காரியம். ஆனால் என் பெண் காலையில் வயிற்றுவலி என்று சொல்வது அந்த வாரத்தோடு நின்றது.

சில நாள் கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகளைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று போனால், என்னைப் பற்றிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவ பேச ஆரம்பிச்சதும் மீதியை நீங்களே சொல்லி முடிச்சிடுறீங்க. அவ என்ன நினைப்பா? 'நான் பேசறதை அம்மாவாலகூடக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல'ன்னுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தேன். கடையில் அவள் "ப... ப..." என்றால் "பருப்பு கால் கிலோ" என்று முந்திக்கொள்வேன். விருந்தாளி பெயர் கேட்டால் நானே சொல்லிவிடுவேன். "மெதுவாப் பேசுடி", "மூச்சை இழுத்துப் பேசுடி" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். அவள் வாயில் நின்ற சொல்லையெல்லாம் நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று அதுவரை தோன்றவே இல்லை.

டீச்சர் சொல்லித்தான் அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிறவரைப் போய்ப் பார்த்தோம். நாக்கிலோ அறிவிலோ ஒரு குறையும் இல்லை என்றார் அந்த அம்மாள். பேச்சை ஒழுங்காக ஓடவைக்கிற மூளையின் வேலையில் உள்ள வித்தியாசம்தான் இது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஆரம்பிக்கும். பலருக்குத் தானே மறைந்துவிடும், சிலருக்கு நிற்கும். பரம்பரையிலும் வரலாம் என்று விளக்கினார். என் மாமனாரின் தம்பிக்கு இருந்தது நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் வசம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

இனி மாசி மாதக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தீவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் உண்டு. ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாராம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடற்கரைக்கே அழைத்துப் போய், பறக்கிற பறவைகளைக் காட்டிப் பாடம் சொன்னாராம். தன் வாழ்க்கைக்குத் திசை கிடைத்தது அன்றுதான் என்று கலாம் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். மகளின் பள்ளியிலும் அந்த வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். வருஷத்தில் ஒருநாள் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போவார்கள்.

சென்ற தையில் தனுஷ்கோடிப் பக்கம் போனார்கள். வாடகை வேன். சாப்பாட்டுக்குத் துணையாக இரண்டு தாய்மார்கள் வர வேண்டும் என்றார்கள். புளியோதரை வாளியோடு நானும் ஏறிக்கொண்டேன்.

தனுஷ்கோடி என்றாலே எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 1964 டிசம்பர் புயல்தான். ஒரே ராத்திரியில் ஊர் போயிற்று; பயணிகளோடு ரயிலே கடலில் போயிற்று. அந்தப் புயலிலும் நின்ற கோதண்டராமர் கோயிலுக்குப் போகிற வழியில், ஆழமில்லாத நீர்ப்பரப்பில் நின்றன பூநாரைகள். தூரத்தில் பார்த்தால் ரோஜா நிறத் துணியை யாரோ தண்ணீரில் அலசிப் பரப்பியதுபோல இருந்தது. பனிக்காலத்தில் இங்கே வந்து தங்கிவிட்டு, வெயில் ஏறும்போது போய்விடும். 2025 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் இவற்றுக்கென்றே ஒரு சரணாலயத்தை அறிவித்தது.

பிள்ளைகளுக்கு அன்று வேலை, பறவைகளை எண்ணுவது. ஒவ்வொன்றாக எண்ணினால் முடியாது. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று எண்ண வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். என் மகள் கொஞ்சம் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்து, தனக்குத்தானே சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து, இருபது, முப்பது... ஒரு இடத்திலும் திக்கவில்லை! நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தனியாகப் பேசும்போதும் பாடும்போதும் பலருக்குத் திக்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சொல்லெல்லாம் இவளிடம் இருக்கிறது, கேட்கிற ஆள்தான் சரியில்லை.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். சர் சி.வி. ராமன் 1928-ல் ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பைச் செய்த நாள். 1987 முதல் கொண்டாடுகிறார்கள். அன்றுதான் பள்ளியில் கண்காட்சி. பூநாரை பற்றி விளக்கம் சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, என் பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'பூ' அவளுக்கு வரவே வராத எழுத்து. வேறு பறவையே கிடைக்கவில்லையா?

"வேற யாராவது பேசட்டும், நீ படத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மல்லிகை நாற்று விற்கிறவர். தோட்டத்து மண் ஒட்டிய கையோடு அங்கே நின்றவர், "நட்ட நாத்து வேர் விட்டுச்சான்னு தினம் பிடுங்கிப் பாத்தா அது எப்படிப் பிழைக்கும்? விடேன்" என்றார். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படித்தான்.

கண்காட்சி அன்று வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு மேசையாக்கியிருந்தார்கள். முதல் பெஞ்சில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு எட்டாம் வகுப்புப் பையன் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தை அட்டையில் செய்திருந்தான். ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீரை அழுத்தினால் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும் என்று அதையும் பக்கத்தில் செய்து வைத்திருந்தான். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். படகு போக வழிவிடுகிற பாலத்தைப் பற்றி அவனைவிட யார் நன்றாகச் சொல்வார்கள்!

கடைசிப் பெஞ்சில் என் மகள். பழைய துணியில் பஞ்சு அடைத்து, ஈர்க்குச்சியில் கால் வைத்துச் செய்த நான்கு பூநாரைகள். பக்கத்தில் அவள் எண்ணிய கணக்கு நோட்டு. சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் அவள் முன்னால் நின்றார்.

"இது என்ன பறவைம்மா?"

"பூ... பூ... பூ..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடிக்கொண்டது. நான் நான்கடி தள்ளி நின்றேன். சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பல வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். விருந்தினரோடு வந்தவர் ஒருவர், "பூநாரைங்கிறா..." என்று எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார்.

பக்கத்து மேசையிலிருந்து அவள் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "சார், அவளே சொல்லுவா சார்."

அதட்டலும் இல்லை, இரக்கமும் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். அந்த மேசையில் இருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. விருந்தினர் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு யுகம்.

"பூ... பூநாரை சார்."

அப்புறம் மடை திறந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். திக்கித் திக்கித்தான் சொன்னாள். ஆனால் முழுவதையும் சொன்னாள். தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் உள்ள சாயத்தால்தான் அதற்கு இந்த நிறம் வருகிறது. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைச் சல்லடைபோல் வடிகட்டித் தின்னும் என்றாள். "முட்டி பின்னால மடங்குதேன்னு எல்லாரும் நினைப்பாங்க. அது முட்டி இல்ல சார், க... கணுக்கால். முட்டி மேல இறகுக்குள்ள இருக்கு" என்று ஈர்க்குச்சிக் காலைத் தொட்டுக் காட்டினாள்.

"இத்தனை வருஷமா எனக்கே இது தெரியாதும்மா" என்றார் விருந்தினர். எனக்கும்தான் தெரியாது.

முதல் பரிசு பாம்பன் பாலத்துக்குப் போனது. நியாயமான பரிசு. பங்குனியில் ஆண்டு விழா நடந்தபோது, கண்காட்சியில் விளக்கம் சொன்ன எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இவளும் வாங்கினாள். வீட்டுக்கு வருகிற வழியில் அதை என் கையில் கொடுத்து, "நீ வாய மூடிக்கிட்டு நின்ன பாரு, அதுக்கு உ... உனக்குத்தான்மா குடுக்கணும்" என்றாள். சிரித்துவிட்டேன். கண்ணும் கலங்கிவிட்டது.

இன்றும் அவளுக்குத் திக்குகிறது. பேச்சுப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். மாறியது நாங்கள்தான். அவள் பேசும்போது கையிலிருக்கிற கரண்டியை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறேன். இடையில் புகுவதில்லை. "மெதுவா" என்று சொல்வதில்லை. நானே மெதுவாகப் பேசுகிறேன். எப்படிச் சொன்னாள் என்று பார்க்காமல், சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்கிறேன். கடைக்கு அவளையே அனுப்புகிறேன். கடைக்காரரும் இப்போது பொறுத்து நிற்கிறார்.

உங்கள் குழந்தைக்கும் இப்படி இருந்தால், ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால், வசம்பையும் கூழாங்கல்லையும் நம்பிக் காலம் கடத்தாதீர்கள். பேச்சுப் பயிற்சி அளிப்பவரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. அதற்கும் முன்னால், இன்று சாயங்காலமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை வாயைத் திறந்தால், நாம் மூடிக்கொள்வது.

திண்ணையில் இன்னும் அந்த நான்கு பூநாரைகள் நிற்கின்றன. ஒன்றுக்கு ஈர்க்குச்சிக் கால் ஒடிந்துவிட்டது. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் "இது என்ன பறவை?" என்று கேட்டால், நான் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிடுகிறேன்.