கொட்டாங்குச்சியில் மணிபிளான்ட்

எங்கள் காலனியில் ஓர் அக்கா வீட்டுத் திண்ணையிலேயே செடி விற்கிறார். கொட்டாங்குச்சியைத் தேய்த்து, அடியில் ஓட்டை போட்டு, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி மணிபிளான்ட் வைக்கிறார். ஒன்று 60 ரூபாய். முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை எல்லாம் அவரே.

எங்கள் தாத்தாக்களுக்கு டீக்கடையில் டீ ஊற்றிய அதே கொட்டாங்குச்சி. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனாலும், "எங்கே வந்து வாங்கிக்கொள்வது?" என்று கேட்பவர்களில் சிலர், காலனி பெயரைச் சொன்னதும் பதில் போடுவதில்லை.

பேருந்து நிலையத்தில் வைத்துக் கொடுக்கலாமே என்றோம். அக்கா மறுத்துவிட்டார்: "முகவரியை மறைச்சா செடி வித்துடும்பா. அப்புறம் நாம மறைஞ்சேதான் இருக்கணும்."

இப்போது ஒவ்வொரு கொட்டாங்குச்சியிலும் காலனி பெயர் இருக்கிறது. நாங்கள்தான் எழுதிக் கொடுக்கிறோம்.