கொட்டை எழுத்தும் கள்ள எழுத்தும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாவுக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றோம். வரிசை நீண்டிருந்தது. வெயிலோ சொல்லத் தேவையில்லை. என் தங்கையின் மகள் வேலணையிலிருந்து எங்களுடன் வந்திருந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் பயின்று பட்டம் பெற்றவள். ஓராண்டாக வேலை தேடிக்கொண்டிருப்பவள். அவள் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, நாப்பது வருசம் பேப்பரிலை வேலை செய்தனீங்கள். இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

லிங்க்ட்இன் என்னும் தொழில்சார் வலைத்தளத்தில் தன்னைப்பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பதிவு அது. பெயர், பட்டம், தேடும் வேலை ஆகிய மூன்றும் கன்னங்கரேலென்று தடித்த எழுத்தில் நின்றன. சில சொற்கள் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு வரியின் தலையிலும் ஓர் அம்புக்குறி. அந்தத் தளத்தின் சாதாரணப் பதிவுகளில் எழுத்தைத் தடிப்பாக்கும் வசதி இல்லை என்பதை நான் அறிவேன். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அதுக்கெண்டு வேறை பக்கங்கள் இருக்கு மாமா. அங்கை எழுதி, எடுத்துக்கொண்டு வந்து ஒட்டினால் சரி. இப்பிடிப் போட்டால்தான் ஆக்கள் நிண்டு பாப்பினம். ஆனால் கீழை தமிழிலை எழுதினதுக்கு அது வேலை செய்யேல்லை."

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கொட்டை எழுத்தோடு வாழ்நாளைக் கழித்தவனுக்குக் கொட்டை எழுத்தைக் கண்டால் ஒரு மயக்கம்.

முன்பு என்னோடு ஆசிரியபீடத்தில் இருந்த நண்பர் ஒருவர் இன்று கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கணக்குப் பார்க்க ஒருவர் தேவை என்று அவர் கூறியிருந்தது நினைவுக்கு வர, மருமகளின் பதிவை அவருக்கு அனுப்பிவைத்தேன். நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் பார்வையை இழந்தவர். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்தான் இப்போது அவருக்குக் கண். மறுநாள் மாலை தொலைபேசியில் வந்தார்.

"மச்சான், பதிவைக் கேட்டன். பிள்ளையின்ரை பேர் என்ன?"

"மேலையே கொட்டை எழுத்திலை இருக்கே!"

"எனக்கு அது வரேல்லை. என்ன படிச்சது, என்ன வேலை தேடுது எண்டதும் வரேல்லை. 'வலப்பக்க அம்புக்குறி' எண்டு மட்டும் ஆறுதரம் சொல்லுது."

எவையெல்லாம் கட்டாயம் கண்ணிற் பட வேண்டுமென்று அவள் நினைத்தாளோ, அவை மட்டுமே அவருக்குக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன்.

அந்தத் தடித்த எழுத்துகள் எழுத்துகளே அல்ல, கணிதக் குறியீடுகள். கணிதத்தில் சாதாரண எழுத்து ஓர் எண்ணையும் அதே எழுத்தின் தடித்த வடிவம் ஒரு திசையனையும் குறிக்கலாம். வடிவம் மாறினால் பொருளும் மாறிவிடும். ஆகவே 2001ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் 3.1 பதிப்பில், தடித்தும் சாய்ந்தும் அமைந்த ஆங்கில, கிரேக்க எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் தனித்தனிக் குறியெண்கள் வழங்கப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் குறியீடுகள். சமன்பாடு எழுதுவோருக்காக வைத்த அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் இன்று பெயரும் பட்டமும் கோக்கிறார்கள். கண்ணுக்கு அது எழுத்து, கணினிக்கு வேறொன்று. சில வாசிப்பு மென்பொருட்கள் ஒவ்வொன்றையும் 'கணிதத் தடித்த பெரிய எழுத்து' என்று முழங்குகின்றன. சில தாண்டிப் போய்விடுகின்றன. அண்மைக்காலத்தில் இதைச் சரிசெய்யும் வசதி சிலவற்றில் வந்துள்ளது. எல்லோரிடமும் அது இல்லை. தேடுபொறிகளிலும் இதே சிக்கல். பட்டத்தின் பெயரைச் சாதாரண எழுத்தில் இட்டுத் தேடுபவருக்கு இந்த வேடமிட்ட பட்டம் அகப்படாமற் போகலாம்.

தமிழுக்கு அப்படி ஒரு கணிதப் பெட்டி இல்லை. தமிழ் தப்பியது அதனால்தான். ஆனால் நாம் இதே வில்லங்கத்தை வேறு வழியில் முன்னரே பட்டு அனுபவித்தவர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம் அல்லவா? 'எம்' விசையை அழுத்தினால் திரையில் 'அ' தோன்றும். உள்ளே கணினி சேமித்துவைத்ததோ அந்த ஆங்கில எழுத்தைத்தான். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடக்கும். தீவகம் பற்றி அக்காலத்தில் நான் எழுதிய கட்டுரைகள் ஒரு குறுந்தகட்டில் இருக்கின்றன. அதில் 'நெடுந்தீவு' என்று தேடினால் ஒன்றும் வராது. ஒவ்வொன்றாக மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. கள்ள எழுத்தின் விலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், படகுத்துறையில் மறந்துவிட்டேன்.

அப்படியானால் ஒரு பதிவை எப்படித்தான் எடுப்பாகக் காட்டுவது? அச்சுக்கூடத்தில் கற்றதுதான் கைகொடுத்தது. ஈய எழுத்துக் கோத்த நாள்களில் பெரிய கொட்டை எழுத்துகள் பெட்டியில் அளவோடுதான் இருக்கும். நீண்ட தலைப்பை எழுதிக்கொண்டு போனால், "ஐயா, இவ்வளவுக்கு எழுத்து இல்லை, சொல்லைக் குறைச்சுத் தாங்கோ" என்பார் அச்சுக்கோப்பாளர். முணுமுணுத்தபடி திரும்பிவந்து நான்கு சொல்லில் எழுதுவேன். பெரும்பாலும் அதுவே முந்தியதைவிட நல்ல தலைப்பாக அமையும்.

பழைய அறிவித்தல் ஒன்றும் நினைவுக்கு வந்தது. நாங்கள் படகேறிப் போன அதே நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதுபற்றி விரிவாக எழுதினார். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. இதுதான் செய்தி. அக்காலக் கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட விடுவதில்லை. தடித்த எழுத்துக்கு எங்கே போவது? ஆனால் கலம் கவிழ்ந்தால் தனக்கு என்ன மிஞ்சும் என்பதைக் கேட்கும் வணிகன் நின்று கேட்டிருப்பான். பங்கைத் திட்டமாகச் சொன்னதுதான் அந்த அறிவித்தலின் கொட்டை எழுத்து.

அடுத்த ஞாயிறு வேலணைக்குப் போய், மருமகளோடு உட்கார்ந்து பதிவைத் திருத்தினேன். தளம் முதல் இரண்டு மூன்று வரிகளை மட்டும் காட்டிவிட்டு மிகுதியை மடித்து வைத்துவிடுகிறது. எனவே பெயர், பட்டம், வேலணையிலிருந்தே வேலை செய்ய ஆயத்தம் என்ற செய்தி ஆகிய மூன்றும் அந்த வரிகளுக்குள் வந்தாக வேண்டும். எல்லாம் சாதாரண எழுத்தில். பிறகு ஒரு வெற்றுவரி. அதன் கீழ், 'பொறுப்புணர்வும் ஆர்வமும் மிக்கவள்' என்றிருந்ததை வெட்டிவிட்டு, உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கமொன்றில் 6 மாதம் கணக்கேடு பார்த்ததை எழுதச் சொன்னேன். அதை ஏன் முதலில் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது சின்ன வேலைதானே மாமா. பெரிசாக் காட்ட என்ன இருக்கு எண்டு விட்டிட்டன்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணிய பிள்ளைதான் எழுத்தைத் தடிப்பாக்கப் போயிருக்கிறது. தீவிலிருந்து பட்டணத்துக்குப் படிக்கப் போன எங்கள் தலைமுறைக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஊரைக் கேட்டால் 'யாழ்ப்பாணம்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிய நாள்கள் எனக்கும் உண்டு.

புதிய பதிவை நண்பருக்கு அனுப்பினேன். கேட்டு முடித்துவிட்டுப் பேசினார். பெயரைச் சரியாக உச்சரித்தார். "கூட்டுறவுச் சங்கக் கணக்கே? அந்த ஏட்டைச் சமாளிச்ச பிள்ளை எதையும் சமாளிக்கும். வரச் சொல்லு, பேசிப்பாப்பம்" என்றார். நேர்காணல் அடுத்த வாரம். முடிவு எப்படி அமையுமோ தெரியாது.

பதிவின் கடைசி வரியில் ஓர் அம்புக்குறி மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க மருமகளுக்கு மனம் வரவில்லை. ஒருதரம்தானே சொல்லும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.