ஓடையும் உறுதியும்

நான் பிறந்த லயத்துக்குப் பின்புறமாக, மலைமுகட்டிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை, பருத்த இரும்புக் குழாயொன்று இறங்கி வந்தது. தொழிற்சாலையை எங்கள் சனங்கள் ஸ்டோர் என்றே சொல்வர். குழாய் முடியுமிடத்தில் ஒரு கல்வீடு; அதனுள்ளே ஒரு நீர்ச்சக்கரம். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் கம்பெனி வார்த்தனுப்பிய இத்தகைய சக்கரங்கள் வெள்ளையர் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றிற் சுழன்றன. எங்கள் தோட்டத்துச் சக்கரம் ஸ்டோரிலே கொழுந்து உருட்டும் இயந்திரங்களை இயக்கிற்று. துரையின் பங்களாவிலும் பெரிய கிளாக்கரின் வீட்டிலும் விளக்கெரித்தது. குழாயிலிருந்து முப்பது அடி தள்ளியிருந்த எங்கள் காம்பராவில் குப்பிவிளக்கு எரிந்தது.

என் தந்தையார் அந்தச் சக்கரத்தின் காவலாளி. மழை நாட்களில் வாய்க்காலின் தலைப்பிலுள்ள கம்பித் தடுப்பிற் சருகுகள் அடைத்துக்கொள்ளும், நீர் குறையும், பங்களாவில் விளக்கு மங்கும். உடனே ஆள் வரும். நள்ளிரவானாலும் கறுப்புக் கம்பளியைத் தலையிற் போட்டுக்கொண்டு, அரிக்கன் லாந்தரோடு அவர் மலையேறுவார். மின்சாரத்தைக் காப்பாற்றுவதற்கு மண்ணெண்ணெய் விளக்கோடு போன மனிதரின் மகன் நான். இதிலுள்ள வேடிக்கை எனக்கு விளங்குவதற்கு ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை வரை போகவேண்டியிருந்தது.

இலங்கையின் நீர்வளத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று 1918 இல் பொறியியலாளர் விமலசுரேந்திர எழுதினார். அதைக் காதில் வாங்கிக்கொள்வதற்கு ஆட்சியாளருக்கு முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது. 1950 இல் இலக்சபான இயங்கத் தொடங்கிற்று. பின்னர் மின்கம்பிகள் தோட்டத்துக்குத் தோட்டம் ஏறின. சொந்தச் சக்கரத்தைப் பராமரிப்பதைவிடக் கம்பி மின்சாரம் மலிவென்று நிருவாகங்கள் கண்டன. எங்கள் சக்கரமும் நின்றது. கம்பி ஸ்டோருக்கு வந்தது, லயத்துக்கு வரவில்லை. தந்தையாரை மலைவேலைக்கு மாற்றினார்கள்.

இவற்றையெல்லாம் நான் மறந்துவிட்டிருந்த காலத்தில், 1999 இல் என்று நினைவு, சப்ரகமுவவிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகிப் போனேன். தோட்டத்துக்கு அப்பால், ஓடையின் மறுகரையில், ஒரு சிங்களக் கிராமம். ஓரிரவு பாடசாலை விடுதியின் வாசலில் நின்று பார்க்கையில் அக்கரையில் நாற்பது வீடுகளில் விளக்குகள் எரிந்தன. மின்சார சபையின் கம்பி அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கவில்லை. மறுநாளே ஓடையைக் கடந்து போனேன்.

வாய்க்காலைக் கிராமத்தவர் சிரமதானத்தில் வெட்டியிருந்தனர். அதன் தலைப்பிலே கம்பித் தடுப்பு, அதிற் சருகுகள், அதை வழித்துக்கொண்டிருந்தவர் ஒரு முதியவர். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. கணக்கு இலேசானது. விநாடிக்கு 20 லீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுமானால் அதனுள் ஏறக்குறைய 20 கிலோவாட் வலு அடங்கியிருக்கிறது. குழாயிலும் சக்கரத்திலும் மின்பிறப்பாக்கியிலும் பாதி கழிந்தாலும் பத்து எஞ்சும். நாற்பது வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 250 வாட். சில குமிழ்கள், ஒரு வானொலி, ஒரு சிறு தொலைக்காட்சி. எல்லோரும் உறங்கிய பின்னர் மிஞ்சும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி தண்ணீரைக் கொதிக்க வைப்பதிற் செலவழித்துவிடும். இல்லாவிடில் சக்கரம் கட்டுமீறி ஓடும். அந்தச் சுடுநீரிற் போட்ட தேநீரையே எனக்குத் தந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? சங்கத்தின் செயலாளரான இளைஞர் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனோடும் உலகச் சுற்றாடல் நிதியத்தின் நன்கொடையோடும் சக்திச் சேவை வழங்கல் திட்டம் என்றொன்று நடந்தது. அதன் தொடர்ச்சி 2011 வரை நீடித்தது. கிராமத்தவர் மின் நுகர்வோர் சங்கம் அமைக்கவேண்டும். உழைப்பைத் தாமே இடவேண்டும். கிலோவாட்டுக்கு இவ்வளவென்று நன்கொடை கிடைக்கும். எஞ்சியதை வங்கியிற் கடனாக எடுத்து மாதச் சந்தாவிலிருந்து அடைக்கவேண்டும். உலக வங்கியின் தருமசிந்தையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதே திட்டத்தின் முதற் கட்டத்தில் தனியார் கம்பெனிகளின் சிறு நீர்மின் நிலையங்கள் ஏறத்தாழ 31 மெகாவாட் கண்டன. கிராமச் சங்கங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 350 கிலோவாட். ஆயினும் அந்தக் கணக்குப் புத்தகத்தை என்னால் இகழ முடியவில்லை. எவர் சந்தா கட்டவில்லை, எவர் வாய்க்கால் வேலைக்கு வரவில்லை, எவர் வீட்டில் களவாக மின்னழுத்தி பாவித்தனர் என்பதெல்லாம் பன்சாலை மண்டபத்திற் கூடிப் பேசித் தீர்க்கப்பட்டு அதில் எழுதப்பட்டிருந்தன. நாடாளுமன்றத்திற் காணாத சனநாயகம் அது.

இக்கரையில் எங்கள் லயங்கள் இருளில் இருந்தன. ஒரே ஓடை, ஒரே மலை. நாமும் ஒரு சங்கம் அமைத்தாலென்ன? ஒரு மாதம் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினேன். நாற்பத்தாறு குடும்பங்கள் ஒப்பமிட்டன. பெருவிரல் பதித்தோரும் உண்டு. உழைப்புக்கு அஞ்சும் மக்களல்லர் அவர்கள். அந்த மலையையே வெட்டித் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள். விண்ணப்பத்தை நானே எழுதினேன். வங்கி அலுவலர் மரியாதையாகவே கேட்டார்:

“மாஸ்டர், வாய்க்கால் யாருடைய காணியால் வருகிறது?”

“தோட்டத்துக் காணி.”

“சக்கரவீடு?”

“அதுவும் தோட்டத்துக் காணிதான்.”

“கம்பி இழுக்கப்போகும் வீடுகளாவது…?”

நான் பேசாதிருந்தேன். தோட்ட நிருவாகத்தின் அனுமதிக் கடிதத்தோடு வரும்படி சொன்னார். நிருவாகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மறுப்பும் வரவில்லை, அனுமதியும் வரவில்லை. கடிதத்துக்குக் காத்திருந்தே ஒன்றரை வருடம் கழிந்தது. பிறகு எனக்கு மாற்றம் வந்தது. இன்னும் உரத்துக் கேட்டிருக்கலாம். தொழிற்சங்கத்தை இழுத்திருக்கலாம். மாற்றக் கடிதம் கையில் வந்தபோது மனத்தின் ஒரு மூலையில் ஆறுதலடைந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கரைக் கிராமத்தின் கதையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2016 அளவில் நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தேசிய மின்வலை எட்டிவிட்டது. 250 வாட்டில் குளிர்சாதனப் பெட்டி வைக்க இயலாது. சபையின் கம்பி வந்ததும் கிராமத்தவர் அதற்கு மாறினர். அவர்களைக் குறை கூறேன். இத்தகைய சங்கங்களிற் சில தமது சக்கரத்தைத் தேசிய வலையோடு இணைத்து மின்சாரத்தை விற்கத் தலைப்பட்டன, பெரும்பாலானவை கலைந்தன. நம் லயங்களிலும் இன்று குமிழ்கள் எரிகின்றன. எரிவதற்குப் பணம் கட்டுகிறார்கள், அவ்வளவே.

அதே 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ தொடங்கிற்று. கூரையிற் சூரியத் தகடு பதித்து மிஞ்சிய மின்சாரத்தைச் சபைக்கு விற்கலாம். முதல் ஏழு வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபா என்று அன்று விலை அறிவித்தார்கள். நகரத்திலே என் மாணவர் சிலர் கடனெடுத்துத் தகடு பதித்தனர். லயத்திலோ பத்துக் காம்பராக்களுக்கு ஒரே தகரக் கூரை. அது யாருடைய கூரை? சட்டப்படி அதன் கீழே குடியிருப்பவருடையது அன்று. 1999 இல் அந்த அலுவலர் கேளாமல் விட்ட கேள்வியை இன்றைய படிவங்கள் அச்சிலேயே கேட்கின்றன. 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 2003 அளவில் அது ஒருவாறு முற்றாகத் திரும்பிற்று. காணியுரிமையோ சிலருக்குத் துளித்துளியாக வருகிறது. உறுதி கையிற் கிட்டாதோரே மிகப் பலர். சமுதாய மின்திட்டம் என்று படிவங்கள் சொல்லும் ‘சமுதாயம்’ காணி உறுதி வைத்திருப்பவர்களின் கூட்டம். ஆதலாற்றான் மானியம் எவ்வளவு என்ற பேச்சுக்கு முன்னர், உறுதி எங்கே என்ற பேச்சை நம் சங்கங்கள் எழுப்பவேண்டுமென்கிறேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. மின்வலையோடு மட்டும் பிணைக்கப்பட்ட சூரியத் தகடுகள் வலை நின்றால் தாமும் நின்றுவிடும். என் மாணவர் வீடுகளும் இருண்டன. அந்த நாட்களில் எனக்கு ஞாபகம் வந்தது தகடன்று, பழைய சக்கரம்.

சென்ற பெப்ரவரியில் நான் பிறந்த தோட்டத்துக்குப் போனேன். பாடசாலைப் பிள்ளைகள் நால்வர் கூடவே வந்தனர். கல்வீட்டுக்குக் கூரையில்லை, சக்கரம் இருந்த இடத்தில் நான்கு துருவேறிய ஆணிகள். மேலே வாய்க்காலின் தலைப்பில் நீர் இன்னும் ஓடுகிறது. இருபது லீற்றர் பூச்சுவாளியொன்றை மூங்கிற் பீலியின் கீழே பிடித்தோம். ஒரு பெண்பிள்ளை கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தாள். நான்கு விநாடியில் நிரம்பிற்று. விநாடிக்கு ஐந்து லீற்றர். இறக்கம் அறுபது மீற்றர். பாதியைக் கழித்தால் ஒன்றரைக் கிலோவாட். இருபது காம்பராவுக்கு ஆளுக்கு எழுபத்தைந்து வாட். வறட்சி மாதத்திற்கூட இவ்வளவு. கொப்பியில் எழுதி முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“சேர், இதை யாருக்கு எழுதிக் கேட்கிறது?”

இன்னொரு முறை அளந்து பார்ப்போம் என்று சொல்லி வாளியைக் கவிழ்த்தேன்.