வெளிச்சம் போகிற ஆழம்

கிருலப்பனையில் ஏறினால் 138 நேராக மஹரகமவில் இறக்கிவிடும். போன வருஷம் முழுக்க அம்மப்பாவை அபேக்ஷா வைத்தியசாலைக்கு நாங்கள் மாறி மாறிக் கூட்டிப்போனது அந்த பஸ்ஸில்தான். வாய்ப் புற்றுநோய். நாற்பது வருஷமாக வெற்றிலையோடு போட்ட புகையிலை.

பேரப்பிள்ளைகள் மூன்று பேருமே கலைப்பீடம். கிளினிக்கில் காத்திருந்த ஒருநாள், வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்கிற சாய மருந்து பற்றி ஃபோனில் வாசித்தோம். விசயம் பழசு. ஒஸ்கார் ராப் என்ற மியூனிக் மாணவர், சாயம் கலந்த தண்ணீரில் பரமீசியங்கள் வெளிச்சத்தில் சாவதைக் கண்டு 1900இல் எழுதினார். சாயம் வெளிச்சத்தை வாங்கிப் பக்கத்து ஒட்சிசனுக்குக் கொடுக்க, அது கலத்தைக் கொல்கிறது. 1993இல் கனடா போட்டோஃபிரின் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சாயம் தோலிலும் தங்கும், குறைந்தது 30 நாள் வெயில் படக்கூடாது. கொழும்பு வெயிலில்! அதனால்தான் சாயத்தைப் பொலிமர் நானோ துணிக்கைகளுக்குள் அடைத்துக் கட்டிக்குக் கூடுதலாகக் கொண்டுசேர்க்கப் பார்க்கிறார்கள். கரைகிற தையல் நூல் செய்யும் பொலிமர் வகைதான், தலைமயிரின் தடிப்பை விட நூற்றுக்கணக்கான மடங்கு சின்னதாக. பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்தில்தான்.

பெரிய உற்சாகத்தோடு அம்மப்பாவிடம் சொன்னோம்.

"எனக்குச் சரிவருமோ பிள்ளையள்?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மிச்சத்தை வாசித்தோம். சிவப்பு வெளிச்சம் சதைக்குள் அதிகபட்சம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் போகும். அம்மப்பாவுக்குத் தாடையெலும்பு வரை போய்விட்டது. அடுத்த கிளினிக் நாள் பஸ்ஸில் வைத்து உண்மையைச் சொன்னோம். நுகேகொடை வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நேரத்தோட பார்த்திருந்தா வெளிச்சம் எட்டியிருக்கும் என்ன?"

எங்களுக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முதலே அவர் "வாய் எரியுது" என்று சொன்னவர். உறைப்பைக் குறையுங்கோ என்றுதான் நாங்கள் சொன்னோம். கன்னத்து உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டு இருந்திருக்கிறது. ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்க நானோ துணிக்கை தேவையில்லை, ஃபோன் டோர்ச் காணும்.

உங்கட வீட்டிலும் வெற்றிலை போடுறவை இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கோ. வெள்ளை, சிவப்புத் திட்டோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கோ.

அம்மம்மா இன்னும் வெற்றிலை போடுறா. மாதம் ஒருக்கா நாங்கள் டோர்ச் அடிக்கிறோம். ஏசி ஏசித்தான் வாயைத் திறக்கிறா.