கோட்டான் கூவினால் கேடா?

நாட்காட்டி இளவேனில் என்றது. வானம் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பயிலும் நண்பரைக் காணச் சென்றிருந்த நாம், மார்ச்சுத் திங்களின் ஒரு மாலையில், லாங்செட் நீர்த்தேக்கத்திற்கு மேலுள்ள மேட்டுவெளியில் நின்றோம். மழையும் பனியும் கலந்து முகத்தில் அறைந்தன. ஒதுங்க மரமில்லை. கருகியது போன்ற ஹெதர்ப் புதர்கள், கால் புதையும் சதுப்பு, கீழே 1904-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் ஈயநிற நீர். இவையே காட்சி! ஆட்காட்டிகள் சில காற்றோடு மல்லாடின. நண்பர் தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

பொழுது சாய்ந்தது. இருளிலிருந்து எழுந்தது ஒரு குரல்! தாழத் தொடங்கி, நீண்டு, உயர்ந்து, நடுங்கி அடங்கிற்று. பகுத்தறிவு பேசும் நமக்கும் உடல் சிலிர்த்தது, மறைப்பானேன்?

"கர்லூ பறவை. கடலோரச் சேற்றில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, முட்டையிட மேட்டுக்குத் திரும்பியிருக்கிறது" என்றார் நண்பர்.

வளைந்த நீள் அலகுடைய இவ்வினம் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகிறது. தமிழில் இதற்குக் கோட்டான் என்று பெயர். ஆந்தைக்கும் அதே பெயர்! பெயர் மட்டுமா ஒன்று? சுமக்கும் பழியும் ஒன்றே.

இரவில் பறந்து செல்லும் இத்தகைய பறவைகளின் குரலை 'ஏழு சீழ்க்கையர்' என்று அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் அஞ்சினர். கேட்டால் சாவு வருமாம்! 1874-இல் பெட்வொர்த் சுரங்கங்களில் பலர் குழிக்குள் இறங்கவே மறுத்தனர். கூட்டம் பிரியாதிருக்கப் பறவைகள் ஒன்றையொன்று அழைத்த ஒலி அது, வேறொன்றுமில்லை.

அவர்களை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. நம் சிற்றப்பா கிணறு வெட்டுகையில் மண் சரிந்து மாண்டார். "நேற்றிரவே கோட்டான் அலறியது, விதி முடிந்தது" என்றது ஊர். பாட்டி, புளியமரப் பொந்தை அடைக்கச் சொன்னார். முட்டுக்கால் கொடுக்காமல் ஆளை இறக்கிய ஒப்பந்தக்காரர் மாலையோடு வந்தார். அவரும் கோட்டானையே சொன்னார்! குற்றவாளி பறவையாகிவிட்ட பிறகு, அவரைக் கேட்பார் யார்?

ஆனால், கேட்டவர்களும் உண்டு. 1862-இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் ஒரே வாயில் அடைபட்டு 204 பேர் மாண்டனர். விதி என்று விட்டுவிடாமல், வாயில் ஏன் ஒன்றே என்று கேட்டனர். சுரங்கத்துக்கு இரண்டு வாயில்கள் வேண்டும் என்று அவ்வாண்டே சட்டம் பிறந்தது. உயிர் காத்தது பரிகாரம் அன்று, கேள்வி!

மேட்டுவெளியில் அக்குரல் மீண்டும் எழுந்தது. இம்முறை நாம் நடுங்கவில்லை. நின்று கேட்டோம். இனிமையாகவே இருந்தது.

தோழர்களே! சாவு வீட்டில் எவரேனும் கோட்டான் அலறிற்று என்றால், முட்டுக்கால் எங்கே என்று கேளுங்கள்.